வ இல்லாத ஊரில் ஒரு தேடல்

எத்தனை கிடைத்தது என்று அது சொல்லவில்லை. எனக்கு முதல் அதிர்ச்சி அதுதான்.

குடலிறக்கத்துக்கு ஆப்பரேஷன் செய்துகொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு முன்னால் மயக்க மருந்து டாக்டரிடம் ஒரு பரிசோதனைக்காகப் போன வாரம் போயிருந்தேன். டாக்டர் சின்னப் பெண், பெயர் ரித்விகா. நாடி, ரத்த அழுத்தம், ஆடும் பற்கள் (எனக்கு நான்கு) எல்லாவற்றையும் பார்த்துக் குறித்துக்கொண்டு, "உங்க வீட்ல யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்காமப் போயிருக்கா, காக்கு?" என்று வங்காளியில் கேட்டார். காக்கு என்றால் சித்தப்பா. கொல்கத்தாவில் நரைத்த தலை எல்லாமே யாருக்காவது சித்தப்பாதான்.

"எங்க வீட்ல இல்லை" என்றேன். "ஆனா ஒரு குடும்பத்துக்கே ஒத்துக்காமப் போன கேஸ் ஒண்ணு தெரியும். அதைக் கண்டுபிடிக்க நாங்க அஞ்சு நாள் தேடினோம்."

வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள். அந்தப் பெண் அதைப் பொருட்படுத்தாமல், கைப்பேசியில் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் செயலியைத் திறந்து, "நீங்க தேடினதைச் சொல்லுங்க, பார்க்கலாம்" என்றார். சொன்னேன். தட்டினார். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் பதில் வந்துவிட்டது. மூன்று நோய்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. எங்களுக்கு இரண்டு நாள் பிடித்த அதே மூன்று.

"மொத்தம் எத்தனை வந்தது?" என்று கேட்டேன்.

"என்ன எத்தனை?"

"விடைகள்."

"விடை ஒண்ணுதானே காக்கு, இதோ இருக்கே."

எந்தச் சொல்லை வைத்துத் தேடியது, எந்தச் சொல்லை விட்டுவிட்டது, எங்கெல்லாம் பார்த்தது, எங்கே பார்க்கவில்லை என்றெல்லாம் கேட்டேன். அந்தப் பெண் என் ரத்த அழுத்தத்தை மறுபடி ஒருமுறை எடுத்துப் பார்த்தார். ஏறியிருந்தது.

ஒரு மருத்துவ ஆய்வு நிலையத்தின் நூலகத்தில், தகவல் பிரிவில், முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்தவன் நான். இங்குள்ள நம் தமிழ்ச் சங்க மலருக்கு வேலை அனுபவம் பற்றி எழுதச் சொல்லி நண்பர்கள் மூன்று வருஷமாகக் கேட்டும் எழுதவில்லை. நூலக வேலையில் என்ன அனுபவம், புத்தகம் கேட்பார்கள், கொடுப்போம் என்று தட்டிக்கழித்து வந்தேன். அன்றைக்கு வீடு திரும்பியதும்தான் எழுத உட்கார்ந்தேன். வருகிற வாரம் ஆப்பரேஷன், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

மாயவரத்தில் பள்ளிக்கூடம், சென்னையில் நூலகப் படிப்பு, இருபத்து நான்கு வயதில் இங்கே வேலை. முதல் சில வருஷங்கள் புத்தக விவர அட்டைகளை அடுக்குவதிலேயே போயின. அட்டைகள் கணினிக்கு மாறுவதற்கு முன்பே மாறியது என் பெயர்தான். வங்காளிகளின் வாயில் 'வ' நிற்காது, 'ப' ஆகிவிடும். போதாக்குறைக்கு அகரத்தை உருட்டி ஒகரமாக்கிவிடுவார்கள். வைத்தியநாதன் என்று அப்பா வைத்த பெயர் ஒரே வாரத்தில் 'பொய்த்தொநாத்' ஆகிவிட்டது. பெயரின் தொடக்கத்திலேயே பொய்யைச் சுமந்துகொண்டு, உண்மை விவரங்களைத் தேடிக் கொடுக்கும் பிரிவில் உட்கார்ந்தேன்.

அந்தப் பிரிவின் தலைவி சுதபாதி. சுதபா என்பது பெயர், 'தி' என்பது அக்காவுக்கு இங்கே ஒட்டும் வால். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். குரல் உயராது. கணினி வந்த பிறகும் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். கேட்க வருகிறவரின் முகம் தெரிய வேண்டுமாம்.

அவர் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒருவர் வந்து, தனக்கு இன்னது வேண்டும் என்பார். சுதபாதி முழுவதையும் கேட்டுக்கொள்வார். பிறகு அதையே, வேண்டுமென்றே ஓர் இடத்தில் தப்பாகத் திருப்பிச் சொல்வார். "ஓ, குழந்தைகளோட காசநோய் பத்தி வேணும், இல்லையா?" வந்தவருக்கு எரிச்சல் வரும். "குழந்தைகள் இல்லை, காசநோயும் இல்லை, தாய்ப்பால் கொடுக்கிறவங்க அந்த மாத்திரை சாப்பிடலாமான்னுதான் கேக்கறேன்" என்பார். திருத்துகிற வேகத்தில் வாயிலிருந்து விழுகிற சொற்கள் இருக்கின்றனவே, அவற்றைத்தான் சுதபாதி குறித்துக்கொள்வார்.

"முதல்ல சொல்றது அவங்க தயார் பண்ணிக்கிட்டு வந்தது, பொய்த்தொநாத். திருத்தறதுதான் அவங்க கேள்வி" என்பார்.

இன்னொரு கேள்வியையும் நாள் தவறாமல் எங்களிடம் கேட்பார். "நாம என்ன பேர்ல தேடறோம்னு சொல்லாதே. எழுதினவன் என்ன பேர்ல எழுதியிருப்பான்?"

எங்கள் நூலகத்துக்கு இணையம் வந்தபோது அது ஒரே ஒரு தொலைபேசிக் கம்பி வழியாக, கீச்சிட்டுக்கொண்டு வந்தது. கீச்சொலி நின்றால் இணைப்பு கிடைத்தது என்று அர்த்தம். மேல் மாடியில் யாராவது தொலைபேசியை எடுத்தால் அறுந்துவிடும். அதனால் கேள்வியைத் தாளில் முழுக்கத் தீட்டி முடிக்கும்வரை சுதபாதி கம்பியைத் தொட விடமாட்டார்.

அன்றைக்குத் தேட மூன்று விதக் கருவிகள் இருந்தன. பெயர்களை எழுதவில்லை, பாதிக்கு மேல் இன்றைக்கு இல்லை. முதலாவது அடைவு. மனிதர்கள் உட்கார்ந்து, பக்கங்களைப் பார்த்து, தலைப்புவாரியாக அடுக்கி வைத்தது. மருத்துவம், அதற்குள் நோய், அதற்குள் தோல் நோய் என்று படியிறங்க வேண்டும். எங்களைப் போன்ற நூலகக்காரர்களுக்கு அது சொந்த வீடு மாதிரி. இரண்டாவது, மனிதக் கை படாமல் எல்லாப் பக்கங்களின் சொற்களையும் வாரிப் போட்டுக்கொண்ட கருவி. அதற்கு அர்த்தம் தெரியாது, எழுத்துதான் தெரியும். ஒரு சொல்லுக்கு முன்னால் கூட்டல் குறி போட்டால் அது கட்டாயம் இருக்க வேண்டும், கழித்தல் குறி போட்டால் இருக்கவே கூடாது, மேற்கோள் குறிக்குள் போட்டால் அந்த வரிசையிலேயே இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் கைவிரித்துவிடும். மூன்றாவது, உலகம் முழுக்க ஜனங்கள் ஒருவருக்கொருவர் விவாதக் குழுக்களில் எழுதிக்கொண்டதைச் சேர்த்து வைத்த கிடங்கு. மோட்டார் சைக்கிள் பழுதும், கடவுள் உண்டா என்பதும், சமையலும் அங்கே ஒன்றாகக் கிடக்கும். படித்தவர்கள் அந்தப் பக்கம் போனதை வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.

எதை எப்போது எடுப்பது என்பதற்கும் சுதபாதியிடம் வழி இருந்தது. சொல் தெரியாது, விஷயம் தெரியும் என்றால் அடைவு. சொல் தெரியும் என்றால் சொற்கருவி. இரண்டும் பொய்த்தால் கிடங்கு. எதைத் தேடினாலும், ஒன்றையும் திறந்து பார்ப்பதற்கு முன்னால் மொத்தம் எத்தனை வந்தது என்று எழுத வேண்டும். இருநூறுக்கு மேல் வந்தால் கேள்வி சரியில்லை, கம்பியை விடு. ஐம்பதுக்குக் கீழே வந்தால் அத்தனையையும் படி. பூஜ்யம் வந்தால்?

"பூஜ்யம்னா உலகத்துல இல்லைன்னு அர்த்தம் இல்லை. உன் எழுத்துக்கூட்டல் உலகத்துல இல்லைன்னு அர்த்தம்" என்பார்.

எனக்கு எண்ணுவது பிறவிக் குணம். அந்த வேலை ஒத்துப்போயிற்று.

இனி அந்தக் கேஸ்.

லேக் கார்டன்ஸ் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நம் ஊர்ச் சாமான்கள் விற்கும் கடை ஒன்று உண்டு. காப்பிப் பொடி, அப்பளம், பெருங்காயம், ஊறுகாய். பலகையில் வங்காளியிலும் ஆங்கிலத்திலும் 'பாசபி ஸ்டோர்ஸ்' என்று எழுதியிருக்கும். பாசபி என்பது வங்காளிப் பெண்களுக்கு வைக்கிற பெயர். பக்கத்து மீன்கடைக்காரர், "மெட்ராஸிக்குப் பொண்டாட்டி மேல ரொம்பப் பிரியம், கடைக்கே பேர் வெச்சுட்டான்" என்று எல்லோரிடமும் சொல்வார். கடைக்காரரை நாங்கள் செட்டியார் என்போம். அவர் மனைவியைச் செட்டியாரம்மா என்போம். தர்மபுரிப் பக்கம், வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், வாடிக்கையில் வங்காளி.

ஒரு சனிக்கிழமை செட்டியார் காப்பிப் பொடியைக் கட்டிக்கொண்டே தலை நிமிராமல் கேட்டார். "சார், நீங்க ஆஸ்பத்திரி புஸ்தகம் பார்க்கிறவர்தானே. உங்களுக்கு டாக்டர் யாரையாச்சும் தெரியுமா? எம் பொண்ணை அறுக்க வேண்டாம்னு சொல்லணும்."

பெண் பெயர் ஜெயந்தி. இருபத்திரண்டு வயது. பித்தப்பையில் கல். ஒருமுறை மஞ்சள் காமாலை வந்து தணிந்திருந்தது. மறுபடி வந்தால் உயிருக்கு ஆபத்து, உடனே அறுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். செட்டியார் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

"ஏன் வேண்டாங்கறீங்க?"

"எங்க குடும்பத்துக்கு மயக்க ஊசி ஆகாது சார்."

மூத்த பையன் ஸ்ரீதர், ஊரில் பாட்டி வீட்டில் இருந்தபோது, ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் ஆப்பரேஷன் செய்திருக்கிறார்கள். ஆப்பரேஷன் நன்றாக முடிந்தது என்றார்களாம். பையன் மட்டும் எழுந்திருக்கவில்லை. செட்டியார் ரயில் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இதயம் நின்றுவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. பிறகு அந்த நர்ஸிங் ஹோமே மூடிவிட்டது.

இதையெல்லாம் நான் குறித்துக்கொண்டிருந்தபோது, உள்ளே சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஜெயந்தி வங்காளியில், "எனக்கு வலிக்குதுன்னு யாரும் எழுதிக்க மாட்டேங்கறீங்களே" என்றாள். அப்பாவைப் பார்த்துச் சொன்னாளா, என்னைப் பார்த்துச் சொன்னாளா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை சுதபாதியிடம் சொன்னேன். அந்த ஆஸ்பத்திரியின் மயக்க மருந்து நிபுணர் டாக்டர் கோஷ் எங்களிடம் அடிக்கடி கட்டுரை கேட்டு வருகிறவர்தான். அவரை வரவழைத்தார். கோஷ் வந்ததும் கைகளை விரித்தார்.

"குடும்பத்துக்கே ஆகாதாம். கத்தரிக்காய் ஆகாதுங்கற மாதிரி சொல்றார் மனுஷன்."

சுதபாதி அமைதியாக, "அப்படி ஒரு நோயும் கிடையாது, இல்லையா?" என்றார்.

"கிடையாதுன்னு யார் சொன்னது? பரம்பரையா வர்றது இருக்கு. மூணோ நாலோ இருக்கும். புஸ்தகத்துல அரைப் பக்கம். நான் பார்த்ததே இல்லை." சொல்லிவிட்டுத் தன் வேகத்தைத் தானே உணர்ந்து நிறுத்திக்கொண்டார். சுதபாதி அதற்குள் எழுதிவிட்டார்: பரம்பரை, மூன்றோ நாலோ.

அடைவில் இறங்கினோம், சொற்கருவியில் தேடினோம். மூச்சு நின்றுபோவதற்கான ஆங்கிலச் சொல்லை நாங்கள் பிரிட்டிஷ் எழுத்தில் எழுதுவோம், அமெரிக்கர்கள் நடுவில் ஓர் எழுத்தைக் குறைப்பார்கள். அவர்கள் எழுத்தில் போட்டால் ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தது. முக்கால்வாசி குறட்டை பற்றி. குறட்டைக்குக் கழித்தல் குறி போட்டோம். ஒரே மருந்துக்கு லண்டனில் ஒரு பெயர், நியூயார்க்கில் ஒரு பெயர், இரண்டையும் போட்டோம். இரண்டு நாளில் நோய்கள் மூன்றாகக் குறைந்தன. ஒன்றில், வாயுவை முகர்ந்ததும் உடம்பு கொதித்துப்போகும். இன்னொன்றில், தூக்கத்துக்குப் போடுகிற ஊசியே விஷமாகும். மூன்றாவதில், தொண்டையில் குழாய் செருகுவதற்காகத் தசையைத் தளர்த்தக் கொடுக்கிற மருந்து, சில நிமிஷங்களில் கரைவதற்குப் பதிலாக மணிக்கணக்கில் உடம்பிலேயே நின்றுவிடும். அதைக் கரைக்கிற நொதி அவர்கள் ரத்தத்தில் இருக்காது. ஆள் விழித்துக்கொண்டாலும் மூச்சு விட முடியாது.

பட்டியலைப் பார்த்த டாக்டர் கோஷ் இந்தத் தடவை கேலி செய்யவில்லை. "மூணுல எது? மூணையும் ஒதுக்கினா எங்க ஆஸ்பத்திரியில மிச்சம் இருக்கறது ஆறுதல் வார்த்தைதான். ரத்தத்தை வெளியூர் அனுப்பி மூணுக்கும் சோதிக்க வாரக்கணக்காகும். அதுவரைக்கும் அந்தக் கல் சும்மா இருக்குமா?"

சுதபாதி பேனாவை எடுத்தார். "பரம்பரைன்னா ஒரு வீட்டோட நிக்காது. சொந்தத்துக்குள்ளயே கல்யாணம் பண்றவங்களா? என்ன ஜாதி?"

"செட்டி. மெட்ராஸி" என்றார் கோஷ்.

செட்டி என்று போட்டோம். தென்னாப்பிரிக்காவில் வக்கீல்கள், சிங்கப்பூரில் கோயில், காரைக்குடி வீடுகள். மயக்க மருந்தைச் சேர்த்துப் போட்டோம். செட்டி என்ற பெயருடைய ஒரு டாக்டர் எழுதிய முதுகுவலிக் கட்டுரை. அன்று மாலை கோஷ் செட்டியாரிடமே நேராகக் கேட்டுவிட்டு, மறுநாள் சொல் ஒன்றைக் கொண்டுவந்தார். "பைஷ்யான்னு சொல்றார்."

பைஷ்யா என்று மட்டும் போட்டால் அசாம், வங்காளப் பெயர்கள் வந்தன. மயக்க மருந்தைச் சேர்த்தால் பூஜ்யம். மூன்று கருவிகளிலும் பூஜ்யம். நான்காம் நாள் முடிந்தது. ஜெயந்திக்கு அன்று ஜுரம் கண்டிருந்தது.

"எழுதினவன் என்ன பேர்ல எழுதியிருப்பான்?" என்றார் சுதபாதி. அந்த வாக்கியத்தை அன்றைக்கு மட்டும் என்னால் சகிக்க முடியவில்லை. "எழுதினவனே இல்லாம இருக்கலாம் சுதபாதி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சாயங்காலம் கடைக்குப் போனேன். காப்பிப் பொடி வீட்டில் இருந்தது. சும்மா நிற்க முடியாமல் இன்னும் கால் கிலோ கேட்டேன். செட்டியார் அரைக்கும்போது, என்னை அறியாமல் சுதபாதியின் வேலையைச் செய்தேன்.

"நீங்க பைஷ்யா இல்லையா? அசாம் பக்கத்துலகூட உங்காளுங்க நிறைய இருக்காங்களே."

செட்டியார் இயந்திரத்தை நிறுத்தினார். "அசாமா? நாங்க எதுக்கு சார் அசாமுக்குப் போறோம். பைஷ்யா இல்ல, வைசியா. ஆரிய வைசியர். டாக்டருக்குப் புரியட்டும்னு அப்படிச் சொன்னேன். இந்த ஊர்லதான் வ கிடையாதே."

"கடைப் பேரு?"

"வாசவி சார்." கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த காலண்டரைக் காட்டினார். "சாமி பேரு. எங்க குலதெய்வம். வங்காளத்துல எழுதச் சொன்னேன், பாசபின்னு எழுதிட்டுப் போயிட்டான். சரி, யாவாரம் நடக்குதுல்ல."

என் சொந்தப் பெயரையே இந்த ஊர் எட்டு வருஷமாகத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தது. அந்தப் பலகையை வாரம் ஒருமுறையாவது பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாளும் தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் காலை வைசியாவை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று நானும் சுதபாதியும் எழுதிப் பார்த்தோம். பதினொன்று வந்தது. சொற்கருவியில் ஒன்பது எழுத்துக்கூட்டலுக்குக் குப்பை, இரண்டுக்குப் பூஜ்யம். அடைவில் அப்படி ஒரு தலைப்பே இல்லை. கடைசியில் கிடங்கு. ஆறாவது எழுத்துக்கூட்டலுக்கு நாற்பத்து மூன்று கடிதங்கள் வந்தன. முதலாவதைத் திறந்தேன். வரன் தேவை. இரண்டாவது, வரன் தேவை, அமெரிக்காவில் பொறியாளர். மூன்றாவதும் அதேதான்.

சுதபாதி எட்டிப் பார்த்து, "உலகம் முழுக்க எல்லாரும் எதையாவது தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க. படி, ஐம்பதுக்குக் கீழதானே" என்றார்.

இருபத்தேழாவது கடிதத்தில் வரன் இல்லை. மயக்க மருந்து டாக்டர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் குழு. எங்கோ வெளிநாட்டில் ஒருவர் வேறு எதையோ கேட்டிருக்கிறார். அதற்குத் தென்னிந்தியாவிலிருந்து ஒருவர் பதில் எழுதிவிட்டு, போகிற போக்கில் கடைசியில் இரண்டு வரி சேர்த்திருந்தார். எங்கள் பக்கம் ஆப்பரேஷனுக்கு முன்னால் நோயாளி வைசியரா என்று கேட்டுவிடுவோம், அவர்களில் பலருக்குத் தசை தளர்த்தும் அந்த மருந்து கரைவதில்லை, மூச்சு திரும்ப மணிக்கணக்காகும், நாங்கள் அதைக் கொடுப்பதே இல்லை. மருந்தின் பெயரைக்கூட லண்டன் பெயரிலும் எழுதவில்லை, நியூயார்க் பெயரிலும் எழுதவில்லை. ஆப்பரேஷன் தியேட்டரில் வாய்க்கு வந்தபடி கூப்பிடுகிற சுருக்கப் பெயரில் எழுதியிருந்தார். சொற்கருவியில் எத்தனை நாள் தேடியிருந்தாலும் வந்திருக்காது.

படித்து முடித்ததும் மேல் மாடியில் யாரோ தொலைபேசியை எடுத்தார்கள். இணைப்பு அறுந்தது. நல்ல வேளையாகக் கடிதம் திரையிலேயே நின்றது. கையால் எழுதிக்கொண்டேன்.

டாக்டர் கோஷ் அதை நின்றுகொண்டே படித்தார். "ஒருத்தன் எழுதின ரெண்டு வரி. இது கட்டுரை இல்லை, ஆதாரமும் இல்லை."

"ஆதாரம் இல்லைதான். ஆனா மூணுல ஒண்ணைக் கைகாட்டுது" என்றார் சுதபாதி. "அந்த மருந்து இல்லாம உங்களால செய்ய முடியாதுன்னா வேற தேடறோம்."

"யார் சொன்னது முடியாதுன்னு?" என்றார் கோஷ், எரிச்சலாக.

செட்டியாரிடம் கையெழுத்து வாங்க நானும் போனேன். கோஷ் அவரிடம், "உங்க குடும்பத்துக்கு மயக்க ஊசி ஆகும். அதுல ஒரே ஒரு மருந்துதான் ஆகாது. அதை நான் தொடமாட்டேன்" என்றார். செட்டியார் பாரத்தைக் கையில் வாங்கினார். பிறகு, "எம் பையனுக்கு அதைத்தான் போட்டாங்களா?" என்று கேட்டார். தெரியாது என்றார் கோஷ். அது உண்மை. இன்றுவரை யாருக்கும் தெரியாது. செட்டியார் கையெழுத்துப் போட்டார்.

ஜெயந்தி நன்றாக எழுந்தாள். முதல் வேலையாக மீன் குழம்பு வாசனை வருகிறது, யார் வார்டில் சாப்பிடுகிறது என்று சண்டை போட்டாளாம்.

வெளியூருக்கு அனுப்பிய ரத்தத்தின் முடிவு சில வாரம் கழித்து வந்தது. கோஷ் அதை எடுத்துக்கொண்டு நூலகத்துக்கே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். டீ ஆறியது. அந்த நொதி அவள் ரத்தத்தில் அளக்கிற அளவுக்குக்கூட இல்லை.

"நான் எல்லாருக்கும் முதல்ல அந்த மருந்தைத்தான் எடுப்பேன்" என்றார். "கையே தானாப் போகும். அன்னிக்கும் ட்ரேயில இருந்தது."

சுதபாதி அந்த முடிவுத் தாளை வாங்கி, எங்கள் கேள்வித் தாளோடு சேர்த்துக் குத்தி வைத்தார்.

இதுதான் நான் போன வாரம் ரித்விகாவிடம் சொன்ன கேஸ். சொல்லி முடித்ததும் அந்தப் பெண் விடவில்லை. 'பைஷ்யா' என்று தப்பு எழுத்தோடேயே கைப்பேசியில் தட்டினார். அது, தாங்கள் ஆரிய வைசியரைச் சொல்கிறீர்கள் போலிருக்கிறது என்று மரியாதையாகத் திருத்தி, நொதி, மருந்து, எச்சரிக்கை எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. ஐந்து நாள், பதினொரு எழுத்துக்கூட்டல், நாற்பத்து மூன்று கடிதம். அது எந்தக் கடிதத்தில் படித்தது என்று சொல்லவில்லை. ஒருவேளை அந்த இருபத்தேழாவதாகவும் இருக்கலாம்.

வீம்புக்கு ஒன்று கேட்டேன். "கொல்கத்தாவுல தென்னிந்தியக் கடை. பேர் பாசபி ஸ்டோர்ஸ். ஏன் அந்தப் பேர்னு கேளும்மா."

பாசபி என்பது வங்காளிப் பெண் பெயர், கடைக்காரரின் மனைவி அல்லது மகளின் பெயராக இருக்கக்கூடும் என்றது.

மீன்கடைக்காரர் சொன்ன அதே பதில். எனக்கு உயிர் வந்தது. சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். காத்திருந்த ஆறு பேரும் முறைத்தார்கள்.

நேராகக் கடைக்குப் போனேன். செட்டியாரும் செட்டியாரம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இப்போது கல்லாவில் ஜெயந்திதான். ஐம்பதைத் தொட்டுவிட்டாள். பலகை அதேதான்.

"கேட்டியா ஜெயந்தி, இவ்வளவு பெரிய கருவி, உங்க கடைக்கு உங்கம்மா பேரை வெச்சிருக்காங்கன்னு சொல்லுது" என்றேன்.

ஜெயந்தி பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே, வங்காளிகள் சலித்துக்கொள்ளும் தொனியில், "தூர், அங்கிள்" என்றாள். "அது சரியாத்தானே சொல்லுது. எங்கம்மா பேரு வாசவிதான்."

"சாமி பேருன்னாரே உங்கப்பா."

"சாமி பேருதான் அம்மாவுக்கு வெச்சது. அம்மா பேருதான் கடைக்கு வெச்சது. யாராவது கேட்டா அப்பாவுக்கு வெட்கம், காலண்டரைக் காட்டிடுவார். மீன்கடைத் தாத்தாவுக்குத் தெரியும். இந்தத் தெருவுக்கே தெரியும். நீங்க இத்தனை வருஷத்துல அம்மா பேரு என்னன்னு கேட்டதே இல்லையே."

கேட்டதில்லை. செட்டியாரம்மா என்று கூப்பிட்டே காலம் போய்விட்டது. முப்பத்து மூன்று வருஷம் கேள்வி கேட்கிற மேசையில் உட்கார்ந்தவன், பொருத்தமாக ஒரு பதில் கிடைத்ததும் அதோடு நிறுத்திக்கொண்டிருக்கிறேன்.

பொடியை வாங்கிக்கொண்டு நடந்தேன். ஸ்டேஷன் வரை போனபோதுதான் உறைத்தது. உங்கள் வீட்டில் யாருக்காவது என்று அந்த டாக்டர் பெண் கேட்டபோது, இல்லை என்று எவ்வளவு சுலபமாகச் சொன்னேன். யாரைக் கேட்டுச் சொன்னேன்? அப்பா கண் ஆப்பரேஷனுக்குப் போனார். பெரியப்பா எதற்கோ போய் வந்து ஒரு மாதம் படுத்திருந்தார். அத்தை ஒருத்தி சின்ன வயதில் எப்படி இறந்தாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. விவரம் தெரிந்தவர்களில் மிச்சம் இருப்பது மாயவரத்தில் அக்கா ஒருத்திதான், எழுபத்து நான்கு வயது. நேரடியாகக் கேட்டால், அதெல்லாம் ஒன்றும் இல்லை, தைரியமாகப் பண்ணிக்கோ என்றுதான் சொல்லுவாள். தம்பிக்குத் தைரியம் சொல்வது அவள் பழக்கம்.

பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து அக்காவின் எண்ணைப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்ததும் முதலில் எதைத் தப்பாகச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.